நான்காவது வாரம்

பெண்கள் உயர்கல்வி பெற்ற வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றியும் சட்டங்களைப் பற்றியுமே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தச் சர்வகலாசாலை தன் கதவைத் திறந்தது, முதற் பட்டதாரி யார், எத்தனை பேர் சித்தியடைந்தனர் என்பனவெல்லாம் நூல்களில் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கின்றன. அக்கதவினூடாக உள்ளே சென்ற மாணவிக்கு ஓர் உடம்பு இருந்தது என்பதும், மாதந்தோறும் சில நாட்கள் அவ்வுடம்பிலிருந்து இரத்தம் கசிந்தது என்பதும், அதனை ஏந்துவதற்குத் துணியும், துணியைக் கழுவத் தண்ணீரும், உலர்த்துவதற்கு ஓரிடமும் வேண்டியிருந்தன என்பதும் அந்நூல்களில் இல்லை.

இதனை எழுத நாமும் கூசினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் வீடுகளில் இதற்கு நேரான சொல் வழங்குவதில்லை. 'சுகமில்லை' என்பார்கள், 'தூரம்' என்பார்கள், 'துடக்கு' என்பார்கள். முதலாவது நோயைக் குறிப்பது. இரண்டாவது விலக்கலைக் குறிப்பது. மூன்றாவது தீட்டைக் குறிப்பது. உடலின் இயல்பான ஒரு தொழிலைக் குறிக்கும் சொல் இம்மூன்றில் ஒன்றுமில்லை. ஆயினும் இஃது ஏதோ கீழைத்தேயத்தார்க்கு மட்டும் உரிய பேதைமை என்று எவரேனும் எண்ணினால் அது பெருந்தவறாகும். கோயிலிலும் சமையலறையிலும் நம் மூதாதையர் இட்ட அதே விலக்கை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், விஞ்ஞானத்தின் பெயரால் சர்வகலாசாலையின் வாசலில் இட முயன்றோர் இருந்தனர். அவர்கள் பொஸ்டன் நகரத்து வைத்தியர்கள்.

1872ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அந்நகரத்துப் பெண்கள் கழகமொன்று எட்வேட் கிளார்க் என்னும் வைத்தியரைச் சொற்பொழிவாற்ற அழைத்தது. அவர் ஹார்வார்ட் சர்வகலாசாலையில் மருந்தியற் பேராசிரியராயிருந்து, பின் அதன் மேற்பார்வைச் சபையில் அங்கம் வகித்தவர். பெண்கள் வைத்தியம் கற்பதற்கு ஆதரவாக முன்னர் எழுதியவராதலால், அழைத்த பெண்கள் ஒரு நண்பரை அழைத்ததாகவே நினைத்தனர். நண்பரோ, பெண்ணின் உடலமைப்பு உயர்கல்வியைத் தாங்காது என்று பேசினார். அப்பேச்சு விரிந்து 1873இல் நூலாக வெளிவந்தது. பதினேழு பதிப்புகள் கண்ட அந்நூல் ஒரு தலைமுறையின் கல்வி விவாதத்தையே ஆட்டிப்படைத்தது.

கிளார்க்கின் வாதம் எளிமையானது. உடலில் உள்ள சக்தி ஓர் அளவுக்கு உட்பட்டது. ஓரிடத்தில் அதனைச் செலவிட்டால் மற்றோரிடத்தில் குறையும். பூப்பெய்தும் வயதில் பெண்ணின் உடல் தன் இனப்பெருக்க உறுப்புகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது இலத்தீனும் கணிதமும் கற்பாளாயின் இரத்தம் மூளைக்கு ஏறிவிடும், கருப்பை வாடும், மலடு, சோகை, நரம்புத் தளர்ச்சி முதலியன வரும். ஆகவே ஆண்பிள்ளை நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் படிக்கலாமெனில், பெண்பிள்ளை நான்கு, மிஞ்சினால் ஐந்து மணி நேரமே படிக்க வேண்டும். ஒவ்வொரு நான்காவது வாரமும் முற்றாகவோ பகுதியாகவோ படிப்பை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். ஆண்களோடு ஒரே வகுப்பில் ஒரே பாட அட்டவணையைப் பின்பற்றுவது இவ்விதிப்படி இயலாத காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அவர் வேண்டிய முடிவும்.

இத்துணை பெரிய கோட்பாட்டுக்கு அவர் காட்டிய சான்று என்ன? தம்மிடம் வந்த நோயாளிகளான ஏழு பெண்களின் கதைகள். அவற்றுள் பெயர்பெற்றது வாசர் கல்லூரி மாணவி ஒருத்தியின் கதை. அவள் பதினான்கு வயதிற் சேர்ந்தாள் என்றும், மாதவிடாய் நாட்களிலும் மற்ற நாட்களைப் போலவே நின்று பாடம் ஒப்புவித்து உடற்பயிற்சி செய்து நோயாளியானாள் என்றும் அவர் எழுதினார். வாசரின் வதிவிட வைத்தியர் அலிடா ஏவரி என்னும் பெண்மணி இதற்குப் பதிலளித்தார். பதினான்கு வயதினரைக் கல்லூரி சேர்ப்பதேயில்லை என்றும், மாதவிடாயின் முதலிரு நாட்களில் உடற்பயிற்சி திட்டமாகத் தடைசெய்யப்பட்டிருந்தது என்றும் அவர் தெரிவித்தார். இப்பதிலும் இதுபோன்ற பிற மறுப்புகளும் 1874இல் ஜூலியா வார்ட் ஹவ் தொகுத்த நூலிற் சேர்ந்தன. மறுப்பைப் படித்தவர் தொகை கிளார்க்கின் நூலைப் படித்தவர் தொகையில் ஒரு சிறு பங்காகவே இருந்திருக்கும். பொய் குதிரையிற் போக, உண்மை கால்நடையாக வருவது எந்நாட்டிலும் வழக்கந்தானே.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும. அதே மசசூசெட்ஸ் மாநிலத்தில், அதே ஆண்டுகளில், ஆயிரக்கணக்கான பெண்கள் துணி ஆலைகளில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்துகொண்டிருந்தனர். பெண்களுக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை என்று அம்மாநிலம் சட்டமியற்றியதே 1874இல்தான். அதாவது, பத்து மணி நேரம் என்பது அன்று தொழிலாளி பெற்ற சலுகை! அவ்வாலைப் பெண்ணுக்கு நான்காவது வாரம் ஏது? கிளார்க் அவளை அறவே மறந்தவரல்லர், நினைவுகூர்ந்தார். அவள் மூளையைக் குறைவாகவே பயன்படுத்துகிறாள், ஆகவே அவளுக்கு அத்துணை தீங்கில்லை என்று சொல்லி நகர்ந்தார். வீட்டுப் பணிப்பெண்ணின் முதுகும், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை அடிமையாயிருந்து பருத்திக் காட்டில் கூலிவேலை செய்த கறுப்புப் பெண்ணின் முதுகும் அவருடைய கருணைக்கு எட்டவில்லை. கருப்பையின் நலன் பற்றிய கவலை, பெண் நூலைக் கையிலெடுக்கும்போது மட்டும் பிறந்த கவலை. தறியைப் பிடித்தபோது அது பிறக்கவில்லை.

ஆயினும் அச்சம் பரவியது. 1877இல் விஸ்கொன்சின் சர்வகலாசாலையின் ஆட்சிக்குழு தன் அறிக்கையில், உடல்நலத்தை இழந்து பெறும் கல்வியிலும் கல்வியின்றியே இருப்பது வருங்காலத் தாய்மார்க்கு நன்று என்ற கருத்தைப் பதிந்தது. பின்னாளில் பிரின் மோர் கல்லூரித் தலைவியான கேரி தோமஸ், பெண்கள் உயர்கல்வியைத் தொடங்கிய நாட்களில் அது பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்குமோ கெடுக்காதோ என்பது தமக்கே தெரியாதிருந்ததென்றும், கிளார்க்கின் நூல் பேய்போலத் தம்மைத் தொடர்ந்ததென்றும் 1908இல் நினைவுகூர்ந்தார். எத்தனை மாணவிகள் ஒவ்வொரு மாதமும் அடிவயிற்றில் எழுந்த சாதாரண வலியைத் தம் அழிவின் முதல் அறிகுறியென எண்ணி, இரவில் விழித்திருந்தனரோ!

நம் நாட்டோடு இக்கதைக்கு ஒரு சிறு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையை நிறுவிய அமெரிக்க மிஷனின் தலைமைச் சபை பொஸ்டன் நகரிலேயே இருந்தது. உடுவிற் பாடசாலையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்திய எலிசா அக்னியூ அம்மையார் 1879 வரை அப்பணியில் இருந்தார். பெண் படித்தால் உடல் கெடுமா என்று பொஸ்டன் வைத்தியர்கள் வாதிட்ட அதே ஆண்டுகளில், அந்நகரத்துப் பணத்தில், யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் விடுதியிற் தங்கிப் படித்துக்கொண்டிருந்தனர்.

கிளார்க்குக்கு உரிய விடையைக் கொடுத்தவர் நியூயோர்க் நகரத்து வைத்தியர் மேரி பட்னம் ஜகோபி. இவரைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 1842இற் பிறந்த இவர், பாரிஸ் மருத்துவக் கல்லூரி அனுமதித்த முதற் பெண். 1871இல் அங்குப் பட்டம் பெற்றார். பாரிஸ் முற்றுகையையும் அதனைத் தொடர்ந்த கொம்யூன் எழுச்சியையும் அந்நகரிலிருந்தே கண்டவர். நாடு திரும்பியபின் 1873இல் அவர் மணந்த ஏபிரகாம் ஜகோபி, 1852இல் கொலோன் நகரில் நடந்த கம்யூனிஸ்டுகள் மீதான வழக்கிற் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். விடுதலையடைந்தபின் இங்கிலாந்து சென்று மார்க்ஸையும் எங்கெல்ஸையும் சந்தித்து, பின் அமெரிக்காவில் குழந்தை வைத்தியத்தின் தந்தையெனப் புகழ்பெற்றவர்.

ஹார்வார்ட் சர்வகலாசாலை வழங்கும் பொயில்ஸ்டன் பரிசுக்கு, மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு உடல் ஓய்வும் மன ஓய்வும் தேவையா, எவ்வளவு தேவை என்பது கட்டுரைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. கட்டுரையாளர் பெயரை மறைத்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. ஜகோபி ஒரு வினாப் பத்திரம் தயாரித்து ஆயிரம் பிரதிகளை அனுப்பினார். 268 பேர் விடை எழுதினர். வலி உண்டா, எத்தனை நாள், எத்தனை மைல் நடக்க முடியும், பள்ளியில் எவ்வளவு நேரம் படித்தாய், தொழில் என்ன என்றெல்லாம் கேட்டார். அத்தோடு நில்லாமல், சில பெண்களின் நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவிகொண்டு மாதம் முழுவதும் அளந்தார். உடல் வெப்பத்தையும் தசை வலுவையும் சிறுநீரில் வெளியேறும் யூரியாவின் அளவையும் கணக்கெடுத்தார். ஏழு கதைகளுக்கு எதிரே இத்துணை அளவைகள்.

விடையளித்தோரில் 35 சதவீதத்தினர் வலியோ சோர்வோ என்றுமே அறியாதவர்கள். பள்ளிப் பருவத்தில் உடற்பயிற்சியும் பின்னர் ஒழுங்கான தொழிலும் உடையவர்களிடம் வலி குறைந்தே காணப்பட்டது. நல்ல போசாக்குள்ள பெண்ணுக்கு மாதவிடாயின் தன்மை காரணமாக ஓய்வு தேவையென்பதற்கு ஆதாரமில்லை என்று அவர் முடிவு கட்டினார். அதேவேளை வலியை அவர் மறுக்கவுமில்லை. வலியுள்ள பெண்ணுக்கு இயலுமிடமெல்லாம் ஓய்வு கொடுப்பது மனிதாபிமானம் என்றும் எழுதினார். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பின்வந்தோர் பலர் மறந்துவிட்டனர் என்பது நம் கருத்து; அதற்குப் பின்னர் வருவோம்.

1876இல் பரிசு அக்கட்டுரைக்கே கிடைத்தது. உறையைப் பிரித்தபோது எழுதியவர் ஒரு பெண்! பரிசளித்த ஹார்வார்ட், தன் மருத்துவக் கல்லூரியில் முதல் மாணவிகளைச் சேர்த்ததோ 1945இல். பரிசுக்கும் அனுமதிக்கும் இடையே அறுபத்தொன்பது ஆண்டுகள்.

ஜகோபி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள் மாணவிகளே. கிளேலியா மோஷர் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் 1890களில் மாணவியாயிருந்தபோதே தம் சகமாணவிகளிடம் மாதவிடாய்க் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார். பின் வைத்தியராகி, 1910இல் அதே சர்வகலாசாலைக்கு மாணவிகளின் வைத்திய ஆலோசகராகத் திரும்பி வந்தார். காலப்போக்கில் ஏறத்தாழ 2,000 பெண்களின் 12,000 மாதவிடாய்கள் பற்றிய பதிவுகள் அவரிடம் சேர்ந்தன. நோயாளி வைத்தியரிடம் சொல்லும் நினைவுகள் அல்ல இவை. நலமுடைய பெண்கள் அவ்வப்போது எழுதிய குறிப்புகள். வலிக்கு அவர் கண்ட காரணங்களிற் பல உடலுக்கு வெளியே இருந்தன. இடையை இறுக்கிக் கட்டிய கச்சு, தரையைக் கூட்டிய கனமான பாவாடைகள், நடமாட்டமின்மை, யாவற்றுக்கும் மேலாக 'வலி வரும், வரவேண்டும்' என்று சிறுவயதிலிருந்தே ஊட்டப்பட்ட எதிர்பார்ப்பு. கச்சைத் தளர்த்தி மல்லாந்து படுத்து அடிவயிற்றால் மூச்செடுக்கும் பயிற்சியொன்றை அவர் மாணவிகளுக்குக் கற்பித்தார். அப்பயிற்சிக்கு அவர் பெயரே வழங்கிற்று. 'சுகமில்லை' என்னும் பொருள்படப் பேசும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார். அவர் கண்டித்தது ஆங்கிலச் சொல்லைத்தான். எனினும் அது நம் வீட்டுச் சொல்லுக்கும் பொருந்தும்.

அடுத்தவர் லீட்டா ஹொலிங்வர்த். நியூயோர்க் நகரில் மணமான பெண்ணுக்கு ஆசிரியத் தொழில் மறுக்கப்பட்டிருந்தபடியால், வேலையின்றி வீட்டிலிருந்து, பின் கொலம்பியா சர்வகலாசாலையில் உளவியல் பயின்றவர். மாதவிடாய் நாட்களில் பெண்ணின் அறிவும் கைத்திறனும் குன்றுகின்றன என்று பெரியோர் எழுதிவைத்ததை யாராவது அளந்து பார்த்தார்களா என்று அவர் தேடினார். ஒருவரும் அளந்திலர். 23 பெண்களையும், ஒப்பிடுவதற்கு இரு ஆண்களையும் அவர் சோதித்தார். சிலரை மாதக்கணக்கில் நாள்தோறும் சோதித்தார். விரலால் விரைந்து தட்டுதல், கை நடுங்காமல் ஒரு கோலைத் துளையிற் பிடித்தல், நிறங்களின் பெயர் சொல்லுதல், எதிர்ச்சொல் கூறுதல், தட்டச்சுப் பழகுதல் என்பன சோதனைகள். 1914இல் வெளிவந்த முடிவு: அந்நாட்களுக்கும் மற்ற நாட்களுக்கும் வேறுபாடில்லை.

இதற்குப் பின்னும் அறிவுலகம் திருந்தியதென்று எண்ணற்க. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், மாதவிடாயிலிருந்த பணிப்பெண் தொட்ட மலர்கள் வாடியதைக் கண்டு, அவள் உடலில் ஒரு நஞ்சு சுரக்கிறதென எழுதினார். அந்நஞ்சைத் தேடிப் பிற விஞ்ஞானிகள் பல ஆண்டுகளை வீணாக்கினர். துளசியைத் தொடாதே, வெற்றிலைக் கொடிக்கருகே போகாதே என்று சொல்லும் நம் பாட்டிமார் வியன்னாவுக்குப் போகாமலே இவ்வளவையும் அறிந்திருந்தனர்!

இனித் துணிக்கு வருவோம். மேற்கூறிய விவாதங்களில் மூளையும் கருப்பையும் பேசப்பட்ட அளவுக்குத் துணி பேசப்படவில்லை. அக்கால மாணவி, பருத்தித் துணியைப் பல மடிப்புகளாக மடித்து, இடைப்பட்டியில் ஊசிகளாற் பொருத்தி அணிந்தாள். ஊறவைத்துக் கழுவி மறுபடியும் பயன்படுத்தினாள். சொந்த வீட்டில் இது ஒருவாறு இயலும். பலர் கூடி வாழும் விடுதியில், வாளியை எங்கே ஒளிப்பது? துணியை எங்கே காயவைப்பது? வெயில் படாமல், வேறு உடைகளுக்கு அடியில் மறைத்து உலர்த்திய ஈரத்துணி எத்துணை தீங்கு செய்யும் என்பதை நம் விடுதிகளில் வாழ்ந்த பெண்கள் அறிவர். கழித்துவிடக்கூடிய அணையாடை ஒன்றை ஒரு கம்பனி 1896இலேயே விற்பனைக்கு விட்டது. கடையிற் கேட்டு வாங்கும் துணிவு எவருக்கும் இல்லாமையால் அது விலைபோகவில்லை.

மாற்றம் போரிலிருந்து வந்தது. முதலாம் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டுவதற்காக மரக்கூழிலிருந்து பஞ்சு போன்ற ஒரு பொருள் செய்யப்பட்டது. அது பருத்தியிலும் பன்மடங்கு ஈரம் உறிஞ்சியது. பிரான்சில் பணிபுரிந்த தாதியர் அதனைத் தம் தேவைக்கும் பயன்படுத்தினர். 1918 நவம்பரில் போர் நின்றதும், அதனைச் செய்த கிம்பர்லி-கிளார்க் கம்பனியிடம் வாங்குவாரற்ற சரக்குத் தேங்கியது. தாதியரின் கண்டுபிடிப்பு கம்பனியின் காதுக்கு எட்டியது. 1920-21இல் 'கொட்டெக்ஸ்' என்னும் பெயரில் டசின் 60 சதத்துக்கு விற்பனைக்கு வந்தது. வாங்குவோர் வாய் திறவாமல் காசைப் பெட்டியிற் போட்டுவிட்டுப் பொதியை எடுத்துச் செல்லக் கடைகளில் ஏற்பாடு செய்யப்பட்டது. வெட்கத்தை நீக்குவது வியாபாரியின் வேலையன்று. வெட்கத்துக்கும் ஒரு விலை வைப்பதே அவன் வேலை. கண்டுபிடித்த தாதியரின் பெயர்கள் எங்கும் இல்லை.

1926இல் போட்டிக் கம்பனியான ஜோன்சன் அன்ட் ஜோன்சன், லிலியன் கில்பிரெத் என்னும் பொறியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி ஒன்றை ஒப்படைத்தது. அவர் ஆலைத் தொழிலாளரின் அசைவுகளை நுணுகி அளந்து பெயர்பெற்றவர். பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற தாய். கணவனை இழந்தபின் குடும்பத்தைத் தனியே தாங்கியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை அவர் விசாரித்தார். அவர்களிற் பெருந்தொகையினர் கல்லூரி மாணவிகளும் அலுவலகங்களில் வேலை செய்வோரும். பெண்களிடம் கேட்காமலே பெண்களுக்குப் பொருள் செய்துவந்த உலகம் அப்போதுதான் முதன்முதலாக அவர்களின் பதிலைக் கேட்டது. கடையில் வாங்கியது நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தபடியால் அவர்கள் அதனைக் கத்தரிக்கோலால் வெட்டியும், பஞ்சைக் குறைத்தும், மடித்தும் தமக்கேற்பச் செய்துகொண்டிருந்தனர். வகுப்பில் எழுந்து நிற்கும்போது உடையில் தெரியக்கூடாது, பையில் மறைக்கக்கூடிய அளவாயிருக்க வேண்டும், எளிதில் கழித்துவிடக்கூடியதாயிருக்க வேண்டும் என்பன அவர்கள் வேண்டியவை. 1927இல் கம்பனிக்குக் கொடுக்கப்பட்ட அவ்வறிக்கை, சரக்கை விற்பதற்காக எழுதப்பட்டதுதான். ஆயினும் மாணவியின் அன்றாட வாழ்வை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு அது கிளார்க்கின் பதினேழு பதிப்புகளிலும் மேலானது.

மாதவிடாய் பற்றிய விஞ்ஞானம் தொழிற்சந்தையோடு ஏறி இறங்கியது என்பதை மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1987இல் எழுதிய நூலிற் காட்டியிருக்கிறார். வேலை அரிதாகும்போது பெண்ணின் பலவீனம் 'கண்டுபிடிக்கப்படும்'. போர் வந்து ஆலைக்கு ஆள் தேவைப்படும்போது அப்பலவீனம் ஆராய்ச்சியிலிருந்து மறைந்துவிடும். இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1944இல், ஜோர்ஜீன் சீவர்ட் வேலைசெய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, மாதவிடாய் வேலைக்குத் தடையல்ல என்று எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஹொலிங்வர்த் சொன்னதுதான் அது. போர் முடிந்தபின் பழைய பல்லவி மறுபடியும் தொடங்கியது.

ஜகோபியின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதாகச் சொன்னோம். ஆணுக்கு நிகரென நிரூபிக்கும் போராட்டத்தில், முதற் தலைமுறை மாணவிகள் தம் வலியை மறைக்கப் பழகினர். வலி உண்டு என்று சொன்னால் கிளார்க் வென்றுவிடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அவ்வச்சம் நியாயமானதே, ஆனால் அதன் சுமை இன்றுவரை இறங்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு விடையெழுதும் மாணவிக்கு, மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல இன்னும் நா எழவில்லை. ஆண் ஆசிரியர்களாகிய நம்மிற் பலரும் அவள் சொல்வதை எப்படிக் கேட்பதென்று பழகவில்லை.

ஸ்கொத்லாந்து அரசு 2018இல் பாடசாலைகள், கல்லூரிகள், சர்வகலாசாலைகள் யாவற்றிலும் அணையாடைகளை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2020 நவம்பரில் அதன் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றி, 2022 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், இதனைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகவே ஆக்கியது. கழிப்பறையில் பெட்டி இருக்கும்; வேண்டியவள் எடுத்துக்கொள்வாள்; காசு போட வேண்டியதில்லை.

இலங்கையில் 1945இல் கல்வி இலவசமாக்கப்பட்டது. கிராமத்துப் பெண்பிள்ளை பேராதனைக்கும் பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் பட்டம் பெறச் சென்றது அதன் பயனே. நூல் இலவசம், விரிவுரை இலவசம். ஆனால் அவள் வாங்கும் இறக்குமதி அணையாடைப் பொதிமீது, சுங்கத் தீர்வை தொடங்கிப் பெறுமதி சேர்ந்த வரி ஈறாக ஐந்து வகை வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 2018இல் 101.2 சதவீதமாக நின்றன. அவ்வாண்டு செப்டெம்பரில் அவற்றுள் ஒன்று நீக்கப்பட்டு 62.6 சதவீதமானது. வரி விதித்த அதிகாரிகளிடம் காரணம் கேட்டால், உள்நாட்டுக் கைத்தொழிலைக் காப்பதற்கென்பர். விடுதி அறையில் ஒரு பொதியை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் மாணவிகள் அக்கைத்தொழிலைத் தம் உடம்பால் காத்துவந்தனர்.